முட்டை வேறு, ரிப்போர்ட்டில் உள்ள புரதம் வேறு

கேள்வி: டாக்டர் ஐயா, நாங்கள் மோல்மேனில் இருக்கிறோம். அம்மாவுக்கு 54 வயது. சிகரெட், சுருட்டு எதையும் தொட்டதில்லை. நான்கு மாதமாக விடாத இருமல். முதலில் காசநோய் என்று நினைத்தார்கள். பிறகு ரங்கூனில் சதை எடுத்துப் பார்த்து, நுரையீரல் புற்றுநோய், அடினோகார்சினோமா, எலும்புக்கும் பரவியிருக்கிறது என்றார்கள். ரிப்போர்ட்டில் ‘ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ், எல்858ஆர்’ என்று இருக்கிறது. இப்போதைக்குக் கீமோ வேண்டாம், தினம் ஒரு ஜெஃபிடினிப் மாத்திரை போதும் என்கிறார்கள். ஈஜிஎஃப்ஆர் என்பது ஒரு புரதம், அதுதான் கட்டியை வளர்க்கிறது என்று மாமா எங்கோ படித்துவிட்டு முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். மூன்று வாரமாகக் கஞ்சியும் ரசமும்தான். அம்மா மிகவும் மெலிந்துவிட்டார். ஒரு மாத்திரை எப்படிப் போதும்? எனக்கும் இது வருமா?

பதில்: முதலில் எழுந்து போய் அம்மாவுக்கு ஒரு முட்டை அவித்துக் கொடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

மாமாவிடம் கோபப்படாதீர்கள். அவர் படித்ததில் பாதி சரி. ஈஜிஎஃப்ஆர் ஒரு புரதம்தான், அம்மாவின் கட்டியை வளர்ப்பதும் அதுதான். ஆனால் அது சாப்பாட்டிலிருந்து நேராக அங்கே போய் உட்கார்ந்த புரதம் இல்லை. நாம் சாப்பிடும் முட்டையும் மீனும் குடலில் உடைந்து அமினோ அமிலங்களாகிவிடும். உடம்பின் ஒவ்வொரு செல்லும் அந்தத் துண்டுகளை எடுத்து, தன் மரபணு சொல்கிறபடி தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே கட்டிக்கொள்ளும். அம்மாவின் கட்டியில் பிழையாக இருப்பது அந்தக் கட்டுமானக் குறிப்புதான். கல்லையும் மணலையும் நிறுத்தினால் குறிப்பு திருந்தாது. அம்மாவின் சதையும் எதிர்ப்புச் சக்தியும்தான் கரையும். கட்டி தனக்கு வேண்டியதை உடம்பின் தசையிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். மெலிந்துபோன நோயாளிக்கு எந்தச் சிகிச்சையும் தாங்குவது கடினம். இதை நான் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன். மீன், முட்டை, பருப்பு, காலையில் ‘நான்’ ரொட்டியோடு அவித்த பட்டாணி, எது பிடிக்கிறதோ கொடுங்கள்.

சரி, அந்தப் புரதம் என்னதான் செய்கிறது?

வீட்டு வாசலில் இருக்கும் அழைப்பு மணியை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டன் வெளியே இருக்கிறது, மணி உள்ளே அடிக்கிறது. ஈஜிஎஃப்ஆர் அதுபோலச் செல்லின் வெளிச்சவ்வைத் துளைத்துக்கொண்டு நிற்கும் ஒரு புரதம். அதன் ஒரு பாதி வெளியே, மறு பாதி உள்ளே. வெளியிலிருந்து ‘வளர்ச்சிக் காரணி’ என்ற சிறிய புரதம் வந்து பட்டனை அழுத்தும். இந்தக் காரணியைக் கண்டுபிடித்தவர் ஸ்டான்லி கோஹன். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைக் குட்டி எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் கண்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் திறந்ததைக் கவனித்து, அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போய் 1986இல் நோபல் பரிசு வாங்கினார்.

பட்டன் அழுந்தியதும் இரண்டு ஈஜிஎஃப்ஆர் ஜோடி சேரும். உள்ளே இருக்கும் பாதிகள் ஒன்றின் மேல் ஒன்று பாஸ்பேட் என்ற சின்ன முத்திரையைக் குத்திக்கொள்ளும். அந்த முத்திரையைப் பார்த்து ராஸ் என்ற புரதம் விழிக்கும். ராஸ் ராஃபை எழுப்பும், ராஃப் மெக்கை எழுப்பும், மெக் எர்க்கை எழுப்பும். எர்க் செல்லின் கருவுக்குள் போய் ‘பிரி, இரண்டாகு’ என்று ஆணையிடும். இன்னொரு பக்கம் பிஐ3கே, ஏகேடி என்ற வேறு கூட்டம், ‘சாகாதே, தாக்குப்பிடி’ என்ற செய்தியைக் கொண்டு போகும். காயம் ஆறுவதற்கும் தோல் புதுப்பிக்கப்படுவதற்கும் இதே வழிதான் நமக்கு வேண்டும். வேலை முடிந்ததும் மணி நின்றுவிடும். அதுதான் ஆரோக்கியம்.

அம்மாவின் கட்டியில் மணி நிற்கவில்லை. ஈஜிஎஃப்ஆர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதில் 858ஆவது இடத்தில் லியூசின் (எல்) இருக்க வேண்டும், அங்கே அர்ஜினின் (ஆர்) இருக்கிறது. எல்858ஆர் என்பதற்கு அவ்வளவுதான் பொருள். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வந்தது. யாரும் அழுத்தாமலே பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டு, மணி இரவும் பகலும் அடிக்கிறது.

ஒரு மாத்திரை எப்படிப் போதும் என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. முத்திரை குத்த ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும். அது வந்து உட்காரும் குழியில் ஜெஃபிடினிப் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. எல்858ஆர் மாற்றம் உள்ள புரதத்தை அது இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது. அந்த ஒரே மணியை நம்பி வாழும் செல்கள், சத்தம் நின்றதும் மடிய ஆரம்பிக்கின்றன. ஆசிய நாடுகளில் நடந்து 2009இல் வெளியான ஐபாஸ் ஆய்வில், இந்த மாற்றம் இருந்தவர்களில் 100க்கு 71 பேருக்கு ஜெஃபிடினிப்பால் கட்டி நன்றாகச் சுருங்கியது. மாற்றம் இல்லாதவர்களில் 100க்கு ஒருவருக்குத்தான். அதனால்தான் பரிசோதனை செய்யாமல் இந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. அம்மாவுக்குச் செய்துவிட்டுக் கொடுத்திருக்கிறார்கள், சரியான வழியில்தான் போகிறார்கள்.

சுருட்டைத் தொடாதவருக்கு ஏன் வந்தது? ‘சுருட்டு’ என்ற நம் சொல்தான் ஆங்கிலேயர் வாயில் ‘செரூட்’ ஆகி பர்மாவின் அடையாளமாகவே மாறியது. அதனால் நுரையீரல் புற்றுநோய் என்றதும் இங்கே எல்லோரும் புகையிலையைத்தான் நினைப்பார்கள். ஆனால் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் புகைக்காதவர்களிடம்தான் அதிகம், அதிலும் பெண்களிடம். கிழக்கு ஆசியாவில் அடினோகார்சினோமா என்ற இந்த வகை நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இது இருக்கிறது, மேற்கு நாடுகளில் 100க்கு 10, 15 பேருக்குத்தான். 2023இல் லண்டனின் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தில் சார்ல்ஸ் ஸ்வான்டன் குழுவினர் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார்கள். புற்றுநோய் இல்லாத நுரையீரல் திசு மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, 100க்கு 18இல் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் ஏற்கெனவே இருந்தது. அந்தச் செல்கள் சும்மா தூங்கிக்கொண்டிருந்தன. எலிகளில் பார்த்தபோது, காற்றிலுள்ள நுண்தூசி நுரையீரலுக்குள் போனதும் அங்கே காவல் செல்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதத்தைச் சுரந்தன. அந்த அழற்சிச் செய்திதான் தூங்கும் செல்லை எழுப்பிவிட்டது.

அம்மா எத்தனை வருடம் விறகு அடுப்பிலும் கரி அடுப்பிலும் சமைத்தார், அப்பா வீட்டுக்குள் புகைப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. அம்மாவுக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, யார் மேலும் பழி போடவும் வேண்டாம். ஆனால் இன்றிலிருந்து வீட்டுக்குள் புகை வேண்டாம். அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

உங்களுக்கு வருமா என்றால், எல்858ஆர் அம்மாவின் நுரையீரலில் பிற்பாடு ஏற்பட்ட மாற்றம். பிறவியில் வந்து பிள்ளைக்குப் போவது அல்ல.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை நோயை அடக்கும், வேரோடு எடுக்காது. ஐபாஸில் இந்த மாற்றம் இருந்து ஜெஃபிடினிப் சாப்பிட்டவர்களுக்கு நோய் அடங்கியிருந்த காலத்தின் இடைநிலை அளவு ஒன்பதரை மாதம், அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்குக் கூடுதல். சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கிறது, சிலருக்குச் சீக்கிரமே தளர்கிறது. தளரும்போது ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதே புரதத்தில் 790ஆவது இடத்தில் இன்னொரு மாற்றம் வந்திருக்கும். அதற்கென்றே ஆசிமெர்டினிப் என்ற மாத்திரை இருக்கிறது. இப்போது பல நாடுகளில் முதலிலேயே அதைத்தான் கொடுக்கிறார்கள், ஏனென்றால் அது நோயைக் கூடுதல் காலம் அடக்குகிறது. விலைதான் தடை. உங்கள் டாக்டரிடம் தயங்காமல் பேசுங்கள். கட்டி மறுபடி வளர்ந்தால், திரும்பப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

முகத்திலும் மார்பிலும் பரு போலத் தடிப்பு வரும், வயிற்றுப்போக்கும் வரலாம். தோலும் குடலும் அதே மணியை நம்பி இருப்பதால்தான். பயந்து மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் மருந்து தருவார். நெஞ்செரிச்சலுக்குக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்க வேண்டாம். வயிற்று அமிலம் குறைந்தால் ஜெஃபிடினிப் சரியாகச் சேராது. பம்பளிமாஸையும் மாத்திரை இருக்கும்வரை தள்ளி வையுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் அது நன்றாக விளையும் என்பது தெரிந்துதான் சொல்கிறேன். அது மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடலாம்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. அபூர்வமாக இந்த மருந்தே நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். அம்மாவுக்குத் திடீரென்று மூச்சு வாங்கினாலோ, இருமல் அதிகமாகி காய்ச்சலும் வந்தாலோ, அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அந்த மணி நேரமே மோல்மேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ரங்கூனுக்குப் பஸ் பிடிக்க வேண்டாம், போனில் சொல்லிக்கொள்ளலாம்.