குதிரை ஷாம்பு நாய்க்கு ஆகுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் வீட்டில் மணி என்ற ஷிட்சு நாய் இருக்கிறான். நான்கு வயது, ஆறு கிலோ எடை. என் அண்ணன் சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில், லாயத்தில் வேலை பார்த்தவர். பந்தயத் திடல் மூடப்பட்டபோது ஐந்து லிட்டர் குதிரை ஷாம்பு கேன் ஒன்றைக் கொண்டுவந்தார். “குதிரைக்கே போடுகிறோம், நாய்க்கு என்ன ஆகிவிடப் போகிறது?” என்கிறார். அதில் கொஞ்சம் எடுத்து, பழைய தண்ணீர் பாட்டிலில் நீர் கலந்து குளியலறையில் வைத்திருக்கிறோம். வாரம் இரண்டு முறை குளிப்பாட்டுகிறேன். முடி பளபளக்கிறது. ஆனால் சில வாரங்களாக மணி பாதங்களை நக்கிக்கொண்டே இருக்கிறான். காதுப் பக்கம் புளித்த வாடை வருகிறது. இந்த ஷாம்புவைத் தொடரலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: முதல் வேலையாக, குளியலறையில் இருக்கும் அந்தத் தண்ணீர் பாட்டிலை இன்றே கொட்டிவிட்டு எறிந்துவிடுங்கள். குதிரை ஷாம்பு ஆகுமா என்பதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்த வரி அந்தப் பாட்டிலைப் பற்றியதுதான்.

ஷாம்பு கெடாமல் இருப்பதற்காக அதில் சில பொருள்களை அளவாகச் சேர்த்திருப்பார்கள். நீர் கலந்தவுடன் அவற்றின் வலு குறைந்துவிடுகிறது. தண்ணீரில் வாழும் சூடோமோனாஸ் போன்ற கிருமிகளுக்கு, நம் ஊர்ப் புழுக்கத்தில், மூடி வைத்த ஒரு பாட்டில் நல்ல வளர்ப்பிடம். பார்வைக்கும் வாசனைக்கும் ஷாம்பு முன்போலவே இருக்கும். அதை ஊற்றி, முடிக்கு எதிர்த்திசையில் அழுத்தித் தேய்க்கும்போது கிருமி மயிர்க்கால்களுக்குள் புகுந்துவிடுகிறது. குளித்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ நாய் சோர்ந்து படுத்துவிடும், காய்ச்சல் அடிக்கும், சாப்பிடாது, முதுகைத் தொட்டால் அலறும். என்னிடம் அப்படி வந்த ஒரு நாயின் வீட்டார், படியில் விழுந்து முதுகெலும்பு பிசகிவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். முடியை மழித்துப் பார்த்தபோதுதான் முதுகு நெடுக இரத்தம் கசியும் கொப்புளங்கள் தெரிந்தன. எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பரிசோதனைக்கூடத்தில் பார்த்து, வாரக்கணக்கில் ஆண்டிபயாட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டில் இருந்தது நாய்க்கென்றே விற்கும் விலை உயர்ந்த ஷாம்பு. அதையும் நீர் கலந்துதான் வைத்திருந்தார்கள்.

ஆகவே எந்த ஷாம்புவாக இருந்தாலும் அன்றைக்குத் தேவையானதை மட்டும் ஒரு சுத்தமான கிண்ணத்தில் கலந்து, மீதியைக் கொட்டிவிடுங்கள். சிக்கனம் பார்க்கிற இடம் இது இல்லை.

இனி குதிரைக்கு வருவோம். சாதாரணமாக அழுக்குப் போக்குகிற குதிரை ஷாம்பு நாய்க்கு விஷம் இல்லை. மனிதத் தோல் அமிலப் பக்கம் சாய்ந்தது. குதிரைத் தோலும் நாய்த் தோலும் நடுநிலையை ஒட்டியவை. அந்தக் கணக்கில், நாம் தலைக்குத் தேய்ப்பதைவிடக் குதிரைக்கானதே மணிக்கு நெருக்கம். அண்ணன் சொன்னதில் பாதி சரி.

மீதிப் பாதி வியர்வையைப் பொறுத்தது. குதிரைக்கு உடல் முழுவதும் வியர்க்கும். அந்த வியர்வையில் லேத்தரின் என்ற புரதம் உண்டு. ஓடி முடித்த குதிரையின் சேணத்தடியில் வெள்ளை நுரை ததும்புவது அதனால்தான். அண்ணன் அதைக் காலைதோறும் பார்த்திருப்பார். உப்பும் புரதமும் காய்ந்து ஒட்டியிருப்பதைக் கரைத்தெடுக்க வேண்டும் என்பதால் அந்த ஷாம்புகள் பலவற்றை வலுவாகவும் அடர்த்தியாகவும் செய்கிறார்கள். நாய்க்கோ பாதங்களில் மட்டும்தான் சொல்லும்படி வியர்க்கும். மணியின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. அதன் மேல் படிந்திருக்கும் எண்ணெய்ப் பசைதான் அதற்குக் காவல். வாரம் இரண்டு முறை வலுவான ஷாம்பு போட்டால் அந்தப் பசை போய்விடும். தோல் வறளும், அரிக்கும். முடி பளபளப்பதை வைத்துத் தோல் நலமாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். லாயத்தில் குதிரையை வெட்டவெளியில் நிறுத்தி, குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் குளியலறையில், திமிறுகிற நாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அலசும்போது அடிவயிற்றிலும் விரல் இடுக்குகளிலும் ஷாம்பு தங்கிவிடுகிறது. நாய் அதை நக்கி உள்ளே அனுப்பிவிடும்.

கேனின் லேபிளை ஒருமுறை முழுவதும் படியுங்கள். ஈ, உண்ணி விரட்டும் வகையாக இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி சேர்ந்திருக்கலாம். உரிய அளவில் நாய் அதைத் தாங்கும். பூனைக்கு அது உயிராபத்து. 2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி இருப்பதால் இதைச் சொல்கிறேன். ஈரம் காயாத நாயோடு பூனை உரசிப் படுத்தாலே வலிப்பு வரக்கூடும். டீ ட்ரீ எண்ணெய் கலந்திருந்தாலும் வேண்டாம். அந்த எண்ணெய் அடர்த்தியாக உடலில் சேர்ந்தால் நாய்க்கு நடை தள்ளாடும், உடல் நடுங்கும்.

லாயத்திலிருந்து வேறு எதுவும் வீட்டுக்கு வந்திருக்கிறதா என்று தயவுசெய்து அண்ணனிடம் கேளுங்கள், குறிப்பாகக் குடற்புழு மருந்துக் குழாய். குதிரைக்கான வழக்கமான ஒரு குழாயில் ஏறத்தாழ 113 மில்லிகிராம் ஐவர்மெக்டின் இருக்கும். இதயப்புழு வராமல் தடுக்க ஆறு கிலோ நாய்க்கு மாதம் ஒருமுறை அதே மருந்து 36 மைக்ரோகிராம் போதும். மூவாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்! “குதிரைக்கே கொடுக்கிறோம்” என்ற பேச்சு ஷாம்புவில் அரிப்போடு போகலாம். இந்த மருந்தில் நாயைக் கொன்றுவிடும்.

மணியின் பாதத்துக்கும் காதுக்கும் வருகிறேன். புளித்த வாடை, ஓயாத நக்கல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மலசீசியா என்ற பூஞ்சை என் நினைவுக்கு வருகிறது. எல்லா நாய்களின் தோலிலும் கொஞ்சம் இருப்பதுதான். ஈரமும் கெட்டுப்போன தோலும் கிடைத்தால் பெருகிவிடும். நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். தோலில் ஒட்டும் நாடாவை ஒற்றியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். அடியில் ஒவ்வாமை இருக்கிறதா என்றும் மருத்துவர் பார்ப்பார். பூஞ்சைதான் என்றால் குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் சேர்ந்த மருந்து ஷாம்பு கொடுப்பார். அதைத் தேய்த்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். பலர் இரண்டு நிமிடத்தில் கழுவிவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று வருகிறார்கள். ஷிட்சுவுக்குக் கண்கள் பிதுங்கியிருக்கும். குளோர்ஹெக்சிடின் கருவிழியைப் புண்ணாக்கும். எனவே முகத்தில் ஷாம்பு வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மருத்துவரைப் பார்க்கும்வரை வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் பாதங்களை மட்டும் கழுவுங்கள். துண்டால் ஒற்றி, விரல் இடுக்குகளையும் காது மடல்களையும் ஈரமில்லாமல் உலர்த்துங்கள். முடி உலர்த்தியை மிதமான சூட்டில் வையுங்கள்.

கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5 அன்று நடந்தது. உங்கள் கேன் அதற்கு முன்பே திறக்கப்பட்டிருந்தால் அதன் வயதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். என் வீடாக இருந்தால் வைத்திருக்க மாட்டேன். அண்ணனைக் கடிந்துகொள்ளாதீர்கள். அரை டன் விலங்கைக் குளிப்பாட்டிப் பழகியவரின் கை மணிக்கும் உதவும். அடுத்த முறை அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் இரண்டு கையாலும் நன்றாக அலசுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள், கடைசியாக எந்தத் தேதியில் குளிப்பாட்டினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அதற்குள் மணி முதுகைத் தொடவிடாமல் கத்தினாலோ, தூக்கும்போது முனகினாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ காத்திருக்க வேண்டாம். நள்ளிரவாக இருந்தாலும் 24 மணி நேரமும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.