8 நாடு, 24 கட்டம்

வணக்கம் ஐயா,

ஜனவரியில் எனக்கு நானே ஒரு சவால் வைத்துக்கொண்டேன். தெற்காசிய நாடுகள் 8, நாட்டுக்கு 3 புத்தகம், வருடத்துக்கு 24. சுவரில் கட்டம் போட்டு ஒட்டி, முடித்ததற்கெல்லாம் பச்சை அடித்து வந்தேன். ஜூன் போய்விட்டது, பச்சை ஏழுதான். பூட்டானுக்கு ஒன்று கிடைத்தது, மாலத்தீவுக்கு ஒன்றும் அகப்படவில்லை. எல்லாமே ஆங்கிலத்தில்தான் படிக்கிறேன். தமிழ் நமக்குத் தெரிந்ததுதானே என்று பட்டியலில் சேர்க்கவில்லை. இரண்டு நாவல்களைப் பாதியில் வைத்துவிட்டேன், அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. முடித்த ஏழில் மூன்று சுத்தமாக மறந்துவிட்டது. விட்டுவிடலாமா, பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்கலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

விட வேண்டாம். கட்டத்தை மட்டும் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நானும் ஒரு காலத்தில் டைரியில் இப்படிக் கணக்கு வைத்திருந்தவன்தான். டிசம்பர் கடைசியில் எண்ணிக்கை உதைக்கிறதே என்று ஒல்லியான புத்தகங்களாகப் பொறுக்கி, மூன்று நாளில் நான்கை முடித்தேன். அந்த நான்கின் பெயரும் டைரியில் இருக்கிறது, எனக்குத்தான் ஞாபகமில்லை. மறந்துபோன மூன்றுக்காகக் கவலைப்படாதீர்கள். பாதியில் வைத்த இரண்டும் அப்படியே கிடக்கட்டும். பிடித்தால் அவையே திரும்பக் கூப்பிடும்.

எனக்கு இடிப்பது எண்ணிக்கை அல்ல, நாடு என்கிற அளவுகோல். இந்தியாவுக்கு மூன்று, மாலத்தீவுக்கும் மூன்று! சாகித்திய அகாதெமி அங்கீகரித்திருக்கும் மொழிகளே 24. மொழிக்கு ஒன்று என்று எடுத்தால் உங்கள் வருடம் இந்தியாவிலேயே முடிந்துபோகும். இலங்கைக்கு நீங்கள் வைத்திருக்கும் மூன்றும் ஆங்கிலம் வழியாகத்தான் வந்திருக்கும். தமிழைத்தான் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டீர்களே. தெரிந்ததுதானே என்கிறீர்கள். இலங்கைத் தமிழ் எழுத்தாளர்களான தெளிவத்தை ஜோசப்பின் மலையகமும் கே. டானியலின் யாழ்ப்பாணமும் உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்தவையா? எனக்கு முப்பது வயது வரைக்கும் தெரியாது.

அப்புறம், நாடு என்று பிரித்தால் சிலரை எங்கே வைப்பது என்றே தெரியாது. உருது எழுத்தாளர் மண்ட்டோ பிரிட்டிஷ் பஞ்சாபில் பிறந்தார், பம்பாயில் சினிமாவுக்கு எழுதினார், 1955இல் லாகூரில் இறந்தார். பாரிஜாத் டார்ஜிலிங்கில் பிறந்து காத்மாண்டுவில் வாழ்ந்து நேபாளியில் எழுதியவர். உருது நாவலாசிரியர் குர்ரத்துலைன் ஹைதர் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் போனார். அவருடைய ‘அக்னி நதி’ நாவல் 1959இல் அங்கேதான் வெளிவந்தது. பிறகு இந்தியாவுக்கே திரும்பி வந்து ஞானபீடமும் வாங்கினார். இவர்களுக்கு எந்தக் கட்டத்தில் பச்சை அடிப்பீர்கள்?

எனக்குத் தெரிந்த வேறொரு வழியைச் சொல்கிறேன். ஒரு காயத்தை எடுத்துக்கொண்டு, அது எத்தனை மொழிகளில் வலித்தது என்று தேடிப் படியுங்கள். 1947 என்றே வைத்துக்கொள்வோம். மேற்கே மண்ட்டோவின் ‘டோபா டேக் சிங்’ சிறுகதை. பிரிவினை முடிந்து இரண்டு மூன்று வருடம் கழித்து, இரண்டு அரசாங்கங்களும் பைத்தியங்களையும் மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவெடுக்கின்றன. லாகூர் பைத்தியக்கார விடுதியில் பிஷன் சிங் என்று ஒருவர். பதினைந்து வருடமாக நின்றுகொண்டே இருந்து கால் வீங்கிப்போனவர். பஞ்சாபியும் உருதும் ஆங்கிலமும் குழம்பிய ஒரு வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்வார். அர்த்தம் கிடையாது, நடுவில் பாசிப்பருப்பு வேறு வரும். தன் ஊரான டோபா டேக் சிங் எந்த நாட்டில் இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். யாராலும் சொல்ல முடியவில்லை. கடைசியில் இரண்டு முள்வேலிகளுக்கும் இடையே, பெயரில்லாத ஒரு துண்டு நிலத்தில் விழுகிறார்.

இப்போது கிழக்கே வாருங்கள். அதீன் பந்த்யோபாத்யாயவின் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ நாவல். கிழக்கு வங்காள கிராமம் ஒன்று. அங்கேயும் ஒரு பைத்தியம், மணீந்திரநாத். படித்தவர், ஆஜானுபாகு, கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை நேசித்தவர். வீட்டார் வேறு இடத்தில் கட்டி வைத்ததில் மனம் பேதலித்துப்போகிறார். அவர் வாயிலும் ஒரே ஒரு சொல்தான்: கேத்சோரத்சாலா. அதற்கும் அர்த்தம் கிடையாது. ஒரு நாள் காணாமல் போகிறார், தேடிக் கிடைக்கவில்லை. குடும்பமோ ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பியாக வேண்டும். சோனா என்கிற பையன் ஒரு மரத்தில் எழுத்துகளைச் செதுக்கிவிட்டுப் போகிறான்: நாங்கள் இந்துஸ்தானம் போய்விட்டோம் என்று. அவர் திரும்பி வந்தால் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று!

ஒருவர் உருதுவில் எழுதினார், மற்றவர் வங்காளத்தில். எல்லையின் இந்த முனையில் ஒரு பைத்தியம், அந்த முனையில் ஒரு பைத்தியம், இருவர் வாயிலும் அர்த்தமற்ற சொல். இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் படித்தபோதுதான் எனக்கு இது கண்ணில் பட்டது. உங்கள் சுவரில் ஒன்று பாகிஸ்தான் கட்டத்திலும் மற்றது இந்தியக் கட்டத்திலும் உட்கார்ந்திருக்கும், நடுவில் நான்கு மாத இடைவெளியோடு.

ஆங்கிலம் பற்றியும் ஒரு வார்த்தை. கிடைக்காததை ஆங்கிலத்தில் படிக்கத்தான் வேண்டும். நானும் படிக்கிறேன். ஆனால் அந்த மரத்தில் சோனா யாரை விளித்துச் செதுக்குகிறான் தெரியுமா? ‘ஜேட்டாமோஷாய்’, அதாவது அப்பாவின் அண்ணன். தமிழில் ‘பெரியப்பா’ என்றால் வேலை முடிந்தது. மரியாதை, உரிமை, பயம், பாசம் எல்லாம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அது வெறும் ‘அங்கிள்’. சித்தப்பாவும் அங்கிள், மாமாவும் அங்கிள், எதிர் வீட்டுக்காரரும் அங்கிள். கூட்டுக்குடும்பத்தைப் பற்றிய ஒரு நாவலில் இது சின்ன நஷ்டமா?

இத்தனைக்கும் நம்மிடம் சொத்து கொட்டிக் கிடக்கிறது. ‘நீலகண்டப் பறவையைத் தேடி’யைத் தமிழுக்குத் தந்தவர் சு. கிருஷ்ணமூர்த்தி. ‘அக்னி நதி’யைத் தந்தவர் சௌரி. வங்காள நாவலான ‘ஆரோக்கிய நிகேதன’த்தை த.நா. குமாரசாமி செய்தார். இன்னொரு வங்காள நாவலான ‘பதேர் பாஞ்சாலி’யை மொழிபெயர்த்த ஆர். சண்முகசுந்தரம் தாமே பெரிய நாவலாசிரியர். காண்டேகரை கா.ஸ்ரீ.ஸ்ரீ. மராத்தியிலிருந்து கொண்டுவந்து, தமிழ் எழுத்தாளரோ என்று நினைக்கும் அளவுக்குப் பழக்கிவிட்டார். மண்ட்டோவை ராமாநுஜம் தொகுத்து மொழிபெயர்த்திருக்கிறார். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ (1944) நாவல் எம்.எம். உவைஸ் கையில் ‘கிராமப் பிறழ்வு’ ஆனது. சிங்களக் குடும்பம் ஒன்று மெல்ல நொடித்துப்போவதைத் தமிழில் படிக்கும்போது, அது அடுத்த தெருவில் நடக்கிற மாதிரி இருக்கும். சில இப்போது அச்சில் இல்லை. நூலகம் நூலகமாகத்தான் ஏறி இறங்க வேண்டும். பழைய மொழிபெயர்ப்புகளில் நடை சில இடங்களில் கரடுமுரடாகவும் இருக்கும். முதல் ஐம்பது பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, மிச்சம் ஆறு மாதத்துக்கு என்ன செய்யலாம்? ஆறு புத்தகம் போதும். மண்ட்டோ, அதீன், ஹைதர் மூவரையும் இந்த வரிசையிலேயே படியுங்கள். நான்காவது ‘கிராமப் பிறழ்வு’. ஐந்தாவது, நீங்கள் விட்டுவைத்த தமிழ். கே. டானியலின் ‘கானல்’ கிடைத்தால் நல்லது. ஆறாவதை நான் சொல்ல மாட்டேன், முதல் ஐந்தில் ஏதாவது ஒன்று கையைப் பிடித்து அங்கே கூட்டிப் போகும். மாலத்தீவு பாவம், காத்திருக்கட்டும்.

‘அக்னி நதி’யை மட்டும் அவசரமாகப் படிக்காதீர்கள். மௌரியர் காலத்தில் தொடங்கி பிரிவினைக்குப் பிறகுவரை வருகிற நாவல். கௌதமும் சம்பாவும் கமாலும் வேறு வேறு நூற்றாண்டில் அதே பெயரோடு திரும்பத் திரும்ப வருவார்கள், நடுவில் குழம்பும். கட்டத்தை நீங்கள் கழற்ற மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். படித்து முடித்ததும் அதற்கு எந்த நாட்டில் பச்சை அடித்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்