செர்ரிச் சாராயத்தில் எத்தில் கார்பமேட்: ஆபத்தை எப்படி அளப்பது?

வாசகர் கேள்வி: தென்மேற்கு ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். பக்கத்து ஊரில் பழத்தோட்டம் வைத்திருப்பவர், உரிமம் பெற்ற தம் சிறு வடிசாலையில் காய்ச்சிய செர்ரிச் சாராயம் (இங்கே கிர்ஷ் என்பார்கள்) இரண்டு புட்டி கொடுத்தார். வாரத்துக்கு இரண்டு முறை 40 மில்லி குடிப்பேன். என் எடை 70 கிலோ. இவ்வகைச் சாராயத்தில் எத்தில் கார்பமேட் என்னும் புற்றுநோய்க் காரணி இருப்பதாகப் படித்ததிலிருந்து புட்டியைத் தொடவே தயக்கமாக இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் நடந்ததுபோல மெத்தனால் ஆபத்தும் இதில் உண்டா? புட்டியை எப்படிப் பாதுகாப்பது?

பதில்: உங்கள் புட்டியில் எத்தில் கார்பமேட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். செர்ரி, பிளம், ஆப்ரிகாட் போன்ற கொட்டைப் பழங்களில் காய்ச்சும் சாராயம் எதுவும் அதிலிருந்து முழுவதுமாகத் தப்புவதில்லை. ஆகவே அது இருக்கிறதா இல்லையா என்று கேட்பதில் பயனில்லை; எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு உங்கள் உடலுக்குள் போகிறது, அந்த அளவு தீங்கு செய்யும் அளவிலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். செர்ரிக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் அமிக்டாலின் என்ற சேர்மம் உண்டு. ஊறல் புளிக்கும் வாரங்களில் அது சிதைந்து சயனைடை வெளியிடுகிறது. பழத்தை அரைக்கும்போது கொட்டைகள் உடைந்துவிட்டால் இன்னும் அதிகமாக வெளியிடும். வாலையில் (சாராயம் வடிக்கும் கலத்தில்) காய்ச்சும்போது இந்தச் சயனைடு எளிதில் ஆவியாகிச் சாராயத்தோடு இறங்கி, பிறகு ஆல்கஹாலுடன் வினைபுரிந்து எத்தில் கார்பமேட்டாக மாறுகிறது. எத்தில் கார்பமேட்டின் கொதிநிலை ஏறத்தாழ 185 பாகை செல்சியஸ் என்பதால், ஊறலிலேயே உருவானதில் பெரும்பகுதி வாலையின் அடியில் தங்கிவிடும்; தொல்லை கொடுப்பது வடித்த பின்பு புட்டியில் உருவாவதுதான். நல்ல வடிப்பாளர் கொட்டையை உடைக்கமாட்டார், செம்பைக் கொண்டு சயனைடைப் பிடித்து வைப்பார், கடைசியில் இறங்கும் வலுக்குறைந்த சாராயத்தைச் சேர்க்காமல் நேரத்தோடு பிரித்து ஒதுக்குவார். உங்கள் நண்பரிடம் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். தொழில் தெரிந்தவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மதுபானங்களில் இந்தப் பொருளுக்கு 1985இல் வரம்பு வகுத்த நாடு கனடா. சாதாரண ஒயினுக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்றும், பழப் பிராந்திகளுக்கு 400 மைக்ரோகிராம் என்றும் அது நிர்ணயித்தது. ஐரோப்பிய ஒன்றியம் கொட்டைப் பழச் சாராயங்களுக்குப் பரிந்துரைக்கும் இலக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது 1,000 மைக்ரோகிராம். உங்கள் புட்டியைச் சோதிக்கவில்லை என்பதால், இந்த 1 மில்லிகிராமையே வைத்துக் கணக்குப் போடுவோம்.

40 மில்லியில் 40 மைக்ரோகிராம் இருக்கும். வாரத்துக்கு இரண்டு முறை என்றால் 80 மைக்ரோகிராம். அதை 7 நாளுக்கும் 70 கிலோவுக்கும் வகுத்தால், ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.16 மைக்ரோகிராம் வருகிறது. இதை எதனோடு ஒப்பிடுவது? மரபணுவைத் தாக்கிப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களுக்கு, இதற்குக் கீழே கவலையே இல்லை என்று ஓர் அளவைச் சொல்ல முடியாது. அதனால் ஆய்வாளர்கள் வேறு வழியில் போகிறார்கள். சுண்டெலிகளில் கட்டி தோன்றும் வாய்ப்பை 10 விழுக்காடு கூட்டும் அளவைக் கணித்து, அந்தக் கணிப்பின் கீழ் எல்லையை எடுத்துக்கொள்கிறார்கள். எத்தில் கார்பமேட்டுக்கு அது கிலோவுக்கு நாளொன்றுக்கு 300 மைக்ரோகிராம். அதை உங்கள் 0.16ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,800 வருகிறது. இதுவே இடைவெளி எண். விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாடு, மனிதருக்குள்ளேயே உள்ள வேறுபாடு, புற்றுநோய் உருவாகும் விதத்தில் தெளிவாகாத பகுதிகள் ஆகிய அனைத்துக்கும் இடம் விட்டு, இந்த எண் 10,000க்கு மேல் இருந்தால் பொதுச் சுகாதார நோக்கில் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கருதுகிறது. உங்கள் எண் அதற்குக் குறைவு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சொல்கிறேன்: மது அருந்தாதவர்களுக்கும் ரொட்டி, தயிர் போன்ற புளித்த உணவுகள் வழியாக இந்தப் பொருள் சிறிதளவு சேர்கிறது, அவர்களுக்கு இடைவெளி எண் ஏறத்தாழ 18,000.

ஆனால் பலர் இந்த இடத்திலேயே கணக்கை மூடிவிட்டுப் பதறத் தொடங்குகிறார்கள் என்பது என் ஆதங்கம். அதே குவளையில் இருக்கும் ஆல்கஹாலுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டாமா? 40 விழுக்காடு வலுவுள்ள 40 மில்லியில் 16 மில்லி, எடையில் 12.6 கிராம் எத்தனால் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை என்றால், கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 51 மில்லிகிராம். எலிகளில் கல்லீரல் கட்டிகளை வைத்து இதேபோல எத்தனாலுக்குக் கணித்த கீழ் எல்லை கிலோவுக்கு நாளொன்றுக்கு 700 மில்லிகிராம். வகுத்தால் கிடைப்பது வெறும் 14. உங்கள் புட்டி மோசமாகக் காய்ச்சப்பட்டு லிட்டருக்கு 10 மில்லிகிராம் எத்தில் கார்பமேட் இருந்தாலும் (பழைய ஆய்வுகளில் அதையும் தாண்டிய புட்டிகள் அகப்பட்டிருக்கின்றன) அதன் இடைவெளி எண் 180க்குக் கீழே இறங்காது. சான்றின் வலுவிலும் வேறுபாடு இருக்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை எத்தில் கார்பமேட்டை 2007இல் ‘மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்னும் 2ஏ பிரிவில் வைத்தது, முக்கியமாக விலங்குச் சோதனைகளைக் கொண்டு. மதுபானங்களையோ 1988லேயே, மனிதரிடம் கண்ட சான்றைக் கொண்டு, ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்’ என்னும் முதல் பிரிவில் வைத்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களோடு அதற்குத் தொடர்பு உண்டு. எத்தில் கார்பமேட்டுக்கு அஞ்சிக் கிர்ஷை விட்டுவிட்டு, அதே அளவு விஸ்கிக்கு மாறுபவர் குறைப்பது சிறிய ஆபத்தை மட்டுமே. இரண்டு குவளையை ஒன்றாக்குபவர் இரண்டையும் பாதியாக்குகிறார்.

எல்லாப் பொருளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. 2016இல் மியூனிக்கில் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு 14 பீர் வகைகளில் கிளைபோசேட் களைக்கொல்லி இருப்பதாக அறிவித்தபோது பெரும் பரபரப்பு எழுந்தது. மிக அதிகமாகக் கண்ட அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 30 மைக்ரோகிராம். அந்தப் பொருளுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்று அன்றாட ஏற்பளவு (வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொண்டாலும் கேடில்லை எனக் கருதும் அளவு) நிர்ணயித்திருந்தது. 60 கிலோ எடையுள்ளவர் அதை எட்ட நாளொன்றுக்கு 1,000 லிட்டர் பீர் குடிக்க வேண்டும். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அன்று சொன்னதும் அதுவே. செய்தித் தலைப்பில் இரண்டு ‘புற்றுநோய் ரசாயனங்கள்’ ஒன்றுபோலத் தெரிந்தாலும், ஒன்றின் கணக்கு மற்றொன்றுக்கு ஆகாது.

மெத்தனாலுக்கு வருவோம். பழத்தோலில் உள்ள பெக்டினிலிருந்து அது இயற்கையாகவே சிறிதளவு உண்டாகிறது. பழச் சாராயங்களுக்கு ஐரோப்பாவில் பொதுவான உச்ச வரம்பு, தூய ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 10 கிராம். அந்த வரம்பைத் தொட்ட சாராயத்திலும் உங்கள் 40 மில்லிக் குவளையில் இருப்பது 0.16 கிராம், அதாவது 0.2 மில்லி. கண்பார்வையைப் பறிக்க 10 மில்லி மெத்தனாலே போதுமானதாக இருந்திருக்கிறது. 30 மில்லி உயிரையும் பறிக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது காய்ச்சும்போது தானே உண்டான மெத்தனால் அல்ல. சாராயம் என்று விற்கப்பட்டதில் கலந்திருந்த தொழிற்சாலை மெத்தனால். அங்கே இடைவெளி எண்ணுக்கு வேலையே இல்லை, ஒரே நாளில் நஞ்சேறிவிடும். முதலில் இறங்கும் சாராயத்தை ஒதுக்கினால் மெத்தனால் முழுவதும் போய்விடும் என்று வடிப்பாளர்களிலேயே பலர் நம்புகிறார்கள்; பழச் சாராயத்தில் அது தொடக்கம் முதல் கடைசிவரை இறங்கிக்கொண்டே இருக்கும். கொளுத்தி, சுடரின் நிறத்தைப் பார்த்துச் சோதிப்பதையும் நம்பாதீர்கள். உரிமமற்ற சாராயம் குடித்தவருக்கு 12 முதல் 24 மணி நேரம் கழித்துப் பார்வை மங்கினாலோ, வயிற்று வலியும் வாந்தியும் வந்தாலோ, போதை தெளிகிறது என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உரிய மாற்று மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் நேரத்தோடு கிடைத்தால் காப்பாற்றலாம்.

புட்டியைப் பொறுத்தவரை, வெளிச்சம் படாமல் வைப்பதே முக்கியம். கொட்டைப் பழச் சாராயத்தில் மிஞ்சியிருக்கும் சயனைடு எத்தில் கார்பமேட்டாக மாறுவதை வெளிச்சம் தூண்டுகிறது. வடிப்பவர்கள் அழகுக்காகத் தெளிந்த கண்ணாடிப் புட்டியில் அடைத்துத் தருவதுண்டு. உங்களுடையதும் அப்படியென்றால் சன்னல் ஓரத்திலிருந்து எடுத்து அலமாரிக்குள் வையுங்கள், அல்லது அடர்பழுப்புப் புட்டிக்கு மாற்றுங்கள். செதுக்கு வேலைப்பாடுள்ள ஈயப் படிகக் குடுவையில் ஊற்றி வைக்க வேண்டாம். மாதக்கணக்கில் நிற்கும் சாராயத்தில் அதிலிருந்து ஈயம் கசியும், ஈயத்துக்கும் இன்ன அளவுவரை கேடில்லை என்று சொல்ல இயலாது.