வால்தரோட கோட்

அன்புள்ள சார்,
ஜெர்மன் இடைக்காலக் கவிதை பத்தி நீங்க எழுதினதுல, வால்தர்ங்கிற கவிஞர் ஒரு கோட் வாங்கின வருஷத்தை வச்சு அறிஞர்கள் ரொம்ப நாள் விவாதம் பண்ணாங்கன்னு ஒரு வரி வந்துச்சு. எனக்கு அது உறுத்தலா இருக்கு. கவிதை நல்லாருந்தா படிச்சு ரசிக்கலாம், எண்ணூறு வருஷம் முன்னாடி ஒருத்தர் எப்ப கோட் வாங்கினார்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?
செந்தில், திண்டுக்கல்

அன்புள்ள செந்தில்,
ஒரே வரில விட்டிருக்கக் கூடாது, விரிவா சொல்லிடறேன்.

வால்தர் ஃபான் டெர் ஃபோகல்வைடெ 1200 வாக்குல எழுதினவர், காதல் பாட்டும் உண்டு, போப்பாண்டவரையே திட்டற அரசியல் பாட்டும் உண்டு. ஜெர்மனில ஹைடல்பர்க்ல இருக்கிற மானெஸ்ஸேங்கிற பழைய பாட்டுச் சுவடில அவர் கல்லு மேல உக்காந்து கன்னத்துல கை வச்சிருக்கிற மாதிரி அழகான படம் இருக்கு, ஆனா அது அவர் செத்து நூறு வருஷம் போல கழிச்சு அவரோட பாட்டு வரியையே வச்சு வரைஞ்சது, அவரோட நிஜ முகம் இல்ல. மத்த கவிஞர்கள் அவரைப் பேர் சொல்லிப் பாடியிருக்காங்க சரி, ஆனா அவர் காலத்து ஆவணம்னு பாத்தா கையில இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்.

அது ஒரு செலவுக் கணக்கு. பாசாவ்ங்கிற ஊரோட பிஷப் வோல்ஃப்கர் ஊர் ஊரா போறப்ப கூட இருந்தவங்க லத்தீன்ல குறிச்சது. வியன்னா பக்கத்துல ட்சைசல்மவர்ங்கிற ஊர்ல, ஃபோகல்வைடெ பாடகர் வால்தருக்கு ஃபர் கோட்டுக்காக 5 நீண்ட ஷில்லிங். அவ்ளோதான் வரி. நீண்ட ஷில்லிங்னா 30 காசு, ஆக 150 வெள்ளிக்காசு. அதே கணக்குல கூத்தாடிகளுக்கு சில்லறை குடுத்த வரிகளும் இருக்கு, அதோட வச்சுப் பாத்தாதான் இந்த மனுஷனை எந்த இடத்துல வச்சிருந்தாங்கன்னு புரியுது. வோல்ஃப்கர் அப்புறம் இத்தாலில இருக்கிற அக்விலேயாவுக்கு மாறிப் போனதால இந்தக் கணக்கு அங்கயே தங்கிடுச்சு, 19ம் நூற்றாண்டுலதான் சிவிடாலேங்கிற ஊர்ல கண்டுபிடிச்சாங்க.

அந்த வரில வருஷம் இல்ல. புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்ங்கிறது மட்டும் தெரியும், அதாவது நவம்பர் 12. ஹெட்விக் ஹேகர்ங்கிற அறிஞர் பிஷப்போட பயணத்தை நாள் நாளா கோர்த்துப் பாத்து, அது 1203ன்னு 1970ல நிறுவினாங்க. 1198ல ஆதரிச்ச பிரபு செத்ததும் வால்தர் வியன்னாவை விட்டுப் போயிட்டார்னு அவர் பாட்டுலேர்ந்து தெரியும். அஞ்சு வருஷம் கழிச்சு அதே பக்கம், குளிர் தொடங்கற நேரத்துல, இன்னொருத்தர் தயவுல ஒரு கோட்டோட நிக்கறார்னு அந்த வருஷம்தான் சொல்லுது. இதுக்காக ஒருத்தர் வருஷக்கணக்கா உழைச்சாங்கன்னா எனக்கு அவங்க மேல மரியாதைதான் வருது.

அதுக்காக ஆளு குளிர்ல வாடினார்னு உடனே முடிவு கட்டிடவும் முடியாது, அந்தக்காலத்துல உடை குடுக்கறது கௌரவம் பண்றதும்கூட. ஆனா 1220 வாக்குல ஜெர்மன் ராஜா இரண்டாம் ஃப்ரீட்ரிஷ் அவருக்கு மானியம் குடுத்தப்ப பாடினதைக் கேளுங்க. எனக்கு மானியம் கிடைச்சாச்சு, உலகமே, எனக்கு மானியம் கிடைச்சாச்சுன்னு ரெண்டு தடவ கூவிட்டு, இனிமே பிப்ரவரிக் குளிர் கால்விரலைப் பிடிக்கும்னு பயமில்லங்கறார். நான் இதை முதல்ல படிச்சப்ப ஏதோ நன்றிப் பாட்டுன்னு தாண்டிட்டேன். கோட் விஷயம் தெரிஞ்சப்புறம் படிச்சா அந்தக் கால்விரல்ல கண்ணு நின்னுடுது, பதினேழு வருஷம் போல இந்த மனுஷன் யார் யார் வாசல்ல நின்னாரோன்னு.

முழுப் பாட்டையும் மொழிபெயர்த்து அடுத்த வாரம் போடறேன், படிச்சுட்டு எழுதுங்க.