கத்திரியில் நின்றுபோன ஏசி: எஃப்டியை உடைக்கலாமா?

கேள்வி: வேலூரில் சொந்த வீட்டில் இருக்கிறோம். 7 வருடத்துக்கு முன் வாங்கிய ஒன்றரை டன் இன்வர்ட்டர் ஏசி முந்தாநாள் ராத்திரி நின்றுவிட்டது. கத்திரி வெயில், வீட்டில் 76 வயது மாமியார். வந்து பார்த்த மெக்கானிக், “கம்ப்ரசர் போயிடுச்சு, மாத்த 16,000 ஆகும், அதுக்குப் புதுசே வாங்கிடுங்க” என்கிறார். கடையில் புது ஏசி ரொக்கத்துக்கு 37,000 ரூபாய். 9 மாத நோ காஸ்ட் இஎம்ஐ என்றால் 39,990. இருவர் சம்பளமும் சேர்த்து கைக்கு 58,000 வருகிறது. ஜூனில் ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும். 7% வட்டியில் ஒன்றரை லட்சம் எஃப்டி இருக்கிறது. 2 வருட டெபாசிட், 14 மாதம் ஓடிவிட்டது, உடைக்க மனசு வரவில்லை. இஎம்ஐயா, கிரெடிட் கார்டா, நகையை வைப்பதா?

பதில்: முதலில் மாமியாரை இரண்டு நாளைக்கு ஏசி இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். பணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பெரியவர்கள் புழுக்கத்தில் தவிப்பதைப் பார்த்துக்கொண்டே யாராலும் பேரம் பேச முடியாது. மெக்கானிக் சொன்ன தொகைக்கெல்லாம் தலையாட்டிவிடுவோம்.

அடுத்து, பழைய பில்லைத் தேடுங்கள். இன்வர்ட்டர் ஏசிகளில் பல மாடல்களுக்கு கம்ப்ரசருக்கு மட்டும் 10 வருட வாரண்டி உண்டு. ஒரு வருடத்தில் வாரண்டி முடிந்துவிட்டது என்று நினைத்து அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் மெஷினுக்கு 7 வருடம்தான் ஆகிறது. பில் கிடைக்கவில்லை என்றால், வாங்கிய கடையில் அன்று கொடுத்த மொபைல் நம்பரைச் சொல்லி நகல் கேட்டுப் பாருங்கள். வாரண்டி இருந்தாலும் கூலிக்கும் கேஸ் நிரப்புவதற்கும் தனியாகக் கேட்பார்கள். அது 16,000-ஐ நெருங்காது. கம்பெனியின் சர்வீஸ் நம்பரை மெஷினில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ வாரண்டி கார்டிலோ பாருங்கள். இணையத்தில் தேடினால் போலி கஸ்டமர் கேர் நம்பர்களும் வரும். “10 ரூபாய் அனுப்புங்க” என்று ஆரம்பித்துக் கணக்கையே துடைத்துவிடுவார்கள்.

வேறொரு மெக்கானிக்கையும் வரவழையுங்கள். வந்து பார்க்கச் சில நூறு ரூபாய் கேட்பார், கொடுக்கலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கம்ப்ரசரின் மூன்று முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த இரண்டு முனையில் வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டி, பாடியோடு தொடர்பு காட்டவில்லை என்றால் வைண்டிங் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள்) எரியவில்லை. அப்புறம் கம்ப்ரசரை இயக்கும் எலெக்ட்ரானிக் போர்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். போர்டை ரிப்பேர் செய்ய முடிந்தால் செலவு பெரும்பாலும் கம்ப்ரசர் மாற்றுவதைவிடக் குறைவு. என் வீட்டிலேயே இரண்டு கோடைக்கு முன் “கம்ப்ரசர் அவுட்” என்றார் ஒருவர். அடுத்து வந்தவர் வெளி யூனிட்டின் மூடியைக் கழற்றியபோது போர்டின் மேல் ஒரு பல்லி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. போர்டோடு வேலை முடிந்தது. “கேஸ் கம்மி” என்று யாராவது சொன்னால், எங்கே கசிகிறது என்று கேளுங்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. கசிவை அடைக்காமல் நிரப்பினால் மறுபடியும் அதே செலவுதான்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கம்ப்ரசர்தான், வாரண்டியும் இல்லை என்றால், 7 வருட மெஷினுக்கு 16,000 போட நான் சொல்ல மாட்டேன். புதிது வாங்குங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். நோ காஸ்ட் இஎம்ஐயில் காஸ்ட் எங்கே இருக்கிறது என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது: 39,990-க்கும் 37,000-க்கும் இடையே உள்ள 2,990 ரூபாய். இதற்கு மேல் பிராசசிங் கட்டணமும், கார்டு வழியாகப் போனால் வட்டிப் பங்குக்கு 18% ஜிஎஸ்டியும் சேரலாம். எஃப்டியை உடைத்தால்? அபராதமாக 1% வட்டி குறைந்தால் 14 மாதத்துக்கு சுமார் 1,750 ரூபாய். பாருங்கள், நீங்கள் பயப்படுகிற வழியே கடைக்காரர் காட்டும் வழியைவிட மலிவு.

ஆனால் உடைக்கவும் தேவையில்லை. அந்த எஃப்டியின் பேரிலேயே வங்கியில் ஓவர்டிராஃப்ட் கேளுங்கள், அதாவது டெபாசிட்டை ஈடாக வைத்து, வேண்டிய அளவு எடுத்து, முடிந்தபோது திருப்பிக் கட்டும் கடன். எஃப்டி வட்டிக்கு மேல் 1 அல்லது 2 சதவீதம் வைப்பார்கள். உங்களுக்கு 8% என்று வைத்தால், 37,000-ஐ 6 மாதத்தில் சமமாகப் பிரித்துக் கட்டினால் மொத்த வட்டி 900 ரூபாய்க்குள் அடங்கும். டெபாசிட் பாட்டுக்கு 7% சம்பாதித்துக்கொண்டிருக்கும். எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. ஜூனில் ஃபீஸ் கட்ட வேண்டும், கோடை கரண்ட் பில்லும் வரும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய்க்கு மேல் போகும் என்பது உங்களுக்கே தெரியும். இஎம்ஐக்கு இதெல்லாம் தெரியாது, தேதி வந்தால் பிடித்துவிடும். ஓவர்டிராஃப்டில் ஜூனில் ஆயிரம் ரூபாய் மட்டும் போட்டுவிட்டு, ஆகஸ்டில் பத்தாயிரம் போடலாம்.

கிரெடிட் கார்டில் வாங்குவதானால், கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் ஓவர்டிராஃப்டில் எடுத்துக் கட்டிவிடுங்கள். அதுவரை வட்டி இல்லை. ‘மினிமம் டியூ’ மட்டும் கட்டும் பழக்கம் இருந்தால் கார்டை வெளியே எடுக்கவே வேண்டாம், மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும். 37,000 ரூபாய்க்கு நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

வங்கிக்குப் போகும் முன் ரசீதை ஒருமுறை படியுங்கள். 2 வருட டெபாசிட் என்பதால் அது 5 வருட வரிச் சேமிப்பு வகையாக இருக்காது. அந்த வகையில் கடனும் வாங்க முடியாது, நடுவில் உடைக்கவும் முடியாது. எஃப்டியில் கணவர் பெயரும் சேர்ந்திருந்தால் இருவர் கையெழுத்தும் கேட்கக்கூடும், அவரையும் கையோடு அழைத்துப் போங்கள்.