கேள்வி – பதில்: ஜப்பானில் தபால் போடப் போகிறவர்களுக்கு

சகுரா, அதாவது செர்ரிப் பூ, பார்க்கக் கிளம்புகிற கூட்டம் இந்த வருஷம் பெரிதாகிவிட்டது போல. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜப்பான், அதிலும் தபால், பார்சல் என்றே கேட்டிருக்கிறீர்கள். மற்ற நாடுகள் அடுத்த இதழில்.

கே: கணவரும் நானும் டோக்கியோ, கியோட்டோ போகிறோம். என் பெரிய அத்தையிடம் வாட்ஸ்அப் எல்லாம் கிடையாது, வாசலில் தபால்காரர் வந்தால்தான் அவருக்குச் சந்தோஷம். அங்கிருந்து ஒரு போஸ்ட் கார்டு போட ஜப்பானிய மொழி தெரிய வேண்டுமா?
– வாசகி, கரூர்

ப: ஒரு வார்த்தைகூடத் தேவையில்லை அம்மா. கடைசி வரியில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் இந்தியா என்று எழுதி, ஓரத்தில் ஏர் மெயில் என்று போட்டுவிட்டால் அங்கே இருப்பவர்களுக்கு அது போதும், அட்டையை விமானத்தில் ஏற்றுவதோடு அவர்கள் வேலை முடிந்தது. மிச்சத்தைப் படிக்கப்போவது நம் ஊர்த் தபால்காரர்தான். அதனால் பின்கோடு தப்பில்லாமல் இருக்கட்டும். முகவரியை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, இடமிருந்தால் கீழே தமிழிலும் எழுதுங்கள். சேதி முழுக்கத் தமிழிலேயே இருக்கலாம், எழுதுகிற ஜோரில் அது முகவரிப் பக்கம் வழியாமல் பார்த்துக்கொண்டால் சரி.

கட்டணம் 2023 அக்டோபரில் 70 யென்னிலிருந்து 100 யென் ஆனது, இந்தியாவானாலும் பிரேசிலானாலும் ஒரே காசு. ஸ்டாம்ப் போஸ்ட் ஆபீஸில்தான் வாங்க வேண்டும் என்றில்லை, மூலைக்கு மூலை இருக்கும் 24 மணி நேரக் கடைகளிலும் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். லாசன் கடை என்றால் உள்ளேயே ஒரு தபால் பெட்டியும் இருக்கும், மழை நாளில் அது பெரிய சௌகரியம். தெருவில் நிற்கிற பெட்டி நம் ஊர் மாதிரியே சிவப்பு. பெரும்பாலும் இரண்டு வாய் இருக்கும்: இடது பக்கம் உள்நாட்டுக் கடிதம், கார்டு, வலது பக்கம் வெளிநாட்டுத் தபாலும் பெரிய உறைகளும். அத்தைக்கானது வலது பக்கம். அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டால் தூக்கம் கெட வேண்டாம், பிரிக்கும்போது பார்த்துக்கொள்வார்கள்.

போஸ்ட் ஆபீஸுக்கு அடையாளம் ஆங்கில 'டி' எழுத்தின் தலையில் இன்னொரு கோடு போட்ட மாதிரி ஒரு குறி. சின்ன அலுவலகங்கள் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 5 வரைதான். சுற்றிப் பார்த்துவிட்டு ஐந்தரைக்குப் போய் நின்றால் கதவைத்தான் பார்க்கலாம்.

இன்னொன்று. சில போஸ்ட் ஆபீஸ்களில் அந்தந்த மாகாணத்தின் கோயில், மலை, தின்பண்டம் போன்ற வடிவத்தில் வெட்டிய அட்டைகள் விற்பார்கள், பார்த்தால் விட மனசு வராது. ஆனால் அது சாதாரண கார்டு கணக்கில் போகாது, கூடுதல் ஸ்டாம்ப் வேண்டும். கவுன்டரில் காட்டி எவ்வளவு என்று கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.

கே: தங்கைக்கு கிமோனோ, அம்மாவுக்குப் பீங்கான் கிண்ணங்கள், எனக்கு நாலைந்து பொம்மைகள் வாங்குவதாகத் திட்டம். சுமக்க முடியாது. 'கிஃப்ட்' என்று எழுதி அங்கிருந்தே பார்சல் போட்டுவிட்டால் வரி வராது என்கிறான் நண்பன். உண்மையா?
– வாசகர், மதுரை

ப: நண்பர் பழைய கதை சொல்கிறார் தம்பி. முன்பு 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பார்சலுக்குச் சுங்க வரி விலக்கு இருந்தது. 2019 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது பரிசு என்ற பெயரில் வரியில்லாமல் வரக்கூடியது ராக்கிக் கயிறும் உயிர்காக்கும் மருந்தும் மட்டும்தான், உங்கள் பொம்மை இரண்டிலும் சேராது. பார்சலுக்குப் பணம் கட்டி, இங்கே வந்ததும் வரியும் கட்டி, கடைசியில் கிண்ணத்தின் விலையைவிட அதைக் கொண்டுவந்த செலவு கூடிப்போய்விடும். விமானத்தில் கூடுதலாக ஒரு பெட்டிக்குப் பணம் கட்டி நீங்களே கொண்டுவருவதுதான் என் யோசனை. பயணிக்கு என்று விமான நிலையத்தில் இருக்கும் வரிச் சலுகை பார்சலுக்குக் கிடையாது.

இல்லை, அனுப்பியே தீருவேன் என்றால் முதலில் போனை எடுங்கள், பேனாவை அல்ல. பொருள் உள்ள சர்வதேசத் தபாலுக்குக் கையால் எழுதிய படிவத்தை 2024 மார்ச்சிலிருந்து ஜப்பான் போஸ்ட் வாங்குவதில்லை. அவர்களுடைய இணையதளத்தில் முகவரி, பொருள், எடை, விலை எல்லாவற்றையும் அடித்தால் ஒரு கியூஆர் கோடு வரும், பெரிய போஸ்ட் ஆபீஸில் இருக்கிற இயந்திரத்தில் அதைக் காட்டினால் சீட்டு அச்சாகி வரும். இதை ராத்திரி ஓட்டல் அறையிலேயே செய்துவிட்டுப் போங்கள், கவுன்டர் முன்னால் நின்றுகொண்டு அத்தனையையும் அடிப்பது கொடுமை. பொருளின் பெயர் என்ற இடத்தில் 'கிஃப்ட்' என்று போடாதீர்கள், அது பொருளே இல்லை. 'பருத்தி கிமோனோ 1, பீங்கான் கிண்ணம் 4' என்று ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் யென் விலையும் போட வேண்டும். சென்ட், நெயில் பாலிஷ், ஸ்ப்ரே, பவர் பேங்க், இதெல்லாம் விமானத் தபாலில் போகாது. அம்மாவுக்கு என்று ஒரு சென்ட் பாட்டிலை உள்ளே சொருகிவிட்டால் மொத்தப் பார்சலும் மாட்டிக்கொள்ளும்.

வேகம் வேண்டும் என்றால் இஎம்எஸ் என்ற விரைவுத் தபால், 30 கிலோ வரை எடுப்பார்கள், காசும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். கப்பல் வழி மலிவு, ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்கிற பொறுமை தங்கைக்கு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முத்திரை சேகரிக்கிறேன். மகள் ஒசாகாவுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அங்கே விசேஷமாக ஏதும் கிடைக்குமா?
– வாசகர், நாகர்கோவில்

ப: ஐயா, உங்களுக்கு என்றே ஒன்று இருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கான போஸ்ட் ஆபீஸ்களில் அந்த ஊருக்கு என்று ஒரு காட்சி முத்திரை உண்டு. கோட்டை, பாலம், ஊர்த் திருவிழா, அங்கே விளைகிற பழம் என்று எதையாவது வட்டத்துக்குள் வரைந்து, தேதியோடு, செங்காவி நிறத்தில் அடித்துத் தருவார்கள். கறுப்பு மையில் அடிக்கும் வழக்கமான முத்திரை வேறு, இது வேறு. நீங்கள் கேட்டால்தான் கிடைக்கும். உள்நாட்டு போஸ்ட் கார்டு கட்டணமான 85 யென்னுக்கு ஒரு அட்டையில் ஸ்டாம்ப் ஒட்டி நீட்டினால் போதும், தபாலில் அனுப்பாமல் அங்கேயே முத்திரை வைத்து உங்கள் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். முத்திரை அடிக்கிறவர் மையைப் பார்த்து, வேறொரு தாளில் அடித்துப் பார்த்து, அப்புறம் ஸ்டாம்பின் ஓரத்தில் நேராக வைத்து அழுத்துவதை நின்று பாருங்கள். சர்வீஸில் இருந்தவருக்கு அந்தக் கை தெரியும்.

கவுன்டரில் 1 யென் ஸ்டாம்பும் கேட்டு வாங்குங்கள். அதில் இருப்பவர் மாஎஜிமா ஹிசோகா, 1871-ல் அந்த நாட்டின் நவீனத் தபாலைத் தொடங்கி வைத்தவர். கோடையில் போனால் ஃபூஜி மலை உச்சியிலேயே ஒரு போஸ்ட் ஆபீஸ் நடக்கும், மற்ற மாதங்களில் மூடியிருக்கும். வகயாமா மாகாணத்தில் சுசாமி என்ற ஊரில் கடலுக்கு அடியில் 10 மீட்டர் ஆழத்தில் 1999 முதல் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. முக்குளித்துப் போய் நனையாத அட்டையைப் போட வேண்டும். இது உங்களுக்கு அல்ல, மகளுக்கு.

கே: பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ரயிலாக ஏற முடியாது, முழங்கால் வலி. வழி உண்டா?
– வாசகி, ஈரோடு

ப: உண்டு. யூபேக் என்ற உள்நாட்டுப் பார்சல் சேவை. மூன்று பக்க அளவும் சேர்த்து 170 சென்டிமீட்டர், எடை 25 கிலோ, அதற்குள் இருந்தால் சூட்கேஸை அப்படியே வாங்கிக்கொள்வார்கள். டோக்கியோவில் கொடுத்தால் பொதுவாக மறுநாள் கியோட்டோ ஓட்டலில் இருக்கும். சீட்டில் ஓட்டல் பெயரோடு எந்தப் பெயரில் அறை போட்டீர்கள், என்றைக்கு வருகிறீர்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். லாசன், மினிஸ்டாப் கடைகளிலும் கொடுக்கலாம். மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுப் புடவை கைப்பையில் இருக்கட்டும்.

கே: போஸ்ட் ஆபீஸ் ஏடிஎம்மில் நம் கார்டு வேலை செய்யுமா?
– வாசகர், தஞ்சாவூர்

ப: விசா, மாஸ்டர்கார்டு என்றால் செய்யும், திரையில் ஆங்கிலமும் உண்டு. ஆனால் நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்துவிட வேண்டும், 2020-லிருந்து அப்படித்தான். கிளம்புவதற்கு முன் வங்கி ஆப்பில் அதைச் செய்துவிடுங்கள்.