இரண்டு ஆர்டரிலும் 'சூப்பர்வைசர்' என்றுதான் இருக்கிறது

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தம்பி, உங்கள் மகன், சிவில் டிப்ளமோ முடித்திருக்கிறான். கையில் இரண்டு வேலை. ஒன்று, கட்டட கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசர், மாதம் 16,000 ரூபாய். இன்னொன்று, ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், 19,000 ரூபாய். "மூணு வருஷம் படிச்சது ஆள் மேய்க்கவா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டது உங்களை உறுத்துகிறது. ரெண்டும் ஒரே வேலைதானே, சம்பளம் கூட வருகிற இடத்துக்கே அனுப்பிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பெயர்தான் ஒன்று. வேலை வேறு வேறு.

சூப்பர்வைசர் என்றால் மேலிருந்து பார்ப்பவர். லத்தீனில் 'சூப்பர்' என்றால் மேலே, அடுத்த பாதி பார்ப்பது. மேற்பார்வையாளர் என்ற நம் சொல்லுக்கும் அதே பொருள்தான். ஆனால் எதைப் பார்ப்பது என்று அந்தச் சொல் சொல்வதில்லை. டாஸ்மாக் கடையில் வசூல் கணக்குக்குப் பொறுப்பானவரும் மேற்பார்வையாளர். பல அங்கன்வாடிகளைச் சுற்றிவந்து எடை நோட்டைப் பார்க்கும் அரசு ஊழியரும் மேற்பார்வையாளர். திருப்பூரில் ஒரு தையல் லைனை ஓட்டுபவர் சூப்பர்வைசர். பிஎச்.டி. மாணவருக்கு வழிகாட்டும் பேராசிரியரும் ஆங்கிலத்தில் சூப்பர்வைசர்தான், நாம் நெறியாளர் என்கிறோம். மின்சார வேலையில் அது பதவியே இல்லை, லைசென்ஸ். அது இல்லாமல் சில வேலைகளுக்குப் பொறுப்பேற்க முடியாது.

சொந்தக்காரர்கள் மனதில் இருப்பது பழைய கங்காணி என்று நினைக்கிறேன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் ஊர்களிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுபோய் வேலை வாங்கியவர் அவர். சைட் சூப்பர்வைசர் அப்படியில்லை.

போன வருஷம் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்க்க அவன் வேலை செய்யும் சைட்டுக்குப் போயிருந்தேன். முதல் மாடி ஸ்லாப், கான்கிரீட் வண்டி வந்து நிற்கிறது. அவன் கம்பி மேல் குனிந்தபடி நடந்து போனான். பீம் ஓரமாகக் கவர் பிளாக், அதாவது கம்பி பலகையைத் தொடாமல் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை, நகர்ந்து, கம்பி பலகையில் ஒட்டிக் கிடந்தது. கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான். "ஊத்துற நேரத்துல ஏன் தம்பி?" என்றார் கம்பி கட்டுபவர். அவனைவிட இருபது வயது மூத்தவர். இவன் பதில் பேசவில்லை. உட்கார்ந்து 20 மி.மீ. கட்டைகளைத் தானே எடுத்து ஒவ்வொன்றாக அடியில் சொருகினான். ரெண்டாவது வரிசையில் அவரும் வந்து உட்கார்ந்தார். அப்புறம் அதே கான்கிரீட்டை 150 மி.மீ. அச்சுகளில் க்யூப், அதாவது சதுரக் கட்டிகளாக எடுத்து, தேதி எழுதி வைத்தான். பலம் எவ்வளவு என்று 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் உடைத்துப் பார்க்க. அந்தக் கம்பி அப்படியே இருந்திருந்தால் சில வருஷத்தில் துருப்பிடித்து, கூரைச் சிமெண்ட் பெயர்ந்து விழுந்திருக்கும். தம்பி மூன்று வருஷம் படித்தது இதைத்தான் அம்மா.

ஏஜென்சி வேலையைக் குறைவாகச் சொல்லவில்லை. நாற்பது பேரின் வருகைப் பதிவு, ஷிப்ட், வராதவருக்கு மாற்று ஆள் என்று அதுவும் கஷ்டமான வேலை. ஆனால் இரண்டு வருஷம் கழித்து அவன் சிவில் அறிவில் ஒரு அடிகூட நகர்ந்திருக்க மாட்டான். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர பி.இ. சேரவேண்டும் என்றாலும் படித்த துறையில் அனுபவச் சான்று கேட்பார்கள். 3,000 ரூபாய் வீட்டுக்கு எவ்வளவு பெரிது என்று தெரியும். தெரிந்துதான் சைட்டுக்கு அனுப்புங்கள் என்கிறேன்.

அனுப்புவதற்கு முன் சம்பள விஷயத்தில் ஒன்று. சூப்பர்வைசர் என்ற பெயர் சில உரிமைகளைத் தொடுகிறது. தொழிற்தகராறு சட்டத்தில், மேற்பார்வைப் பணியில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் 'தொழிலாளர்' கணக்கில் வரமாட்டார் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் அந்த வரம்பு 18,000. சைட் வேலையின் 16,000 அதற்குக் கீழே, ஏஜென்சியின் 19,000 அதற்கு மேலே. அதைத் தாண்டியவரை வேலையைவிட்டு எடுத்தால், தொழிலாளி என்று தொழில் தகராறு எழுப்புவது கடினம். பதவிப் பெயரைவிட உண்மையில் செய்யும் வேலையைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன, அது ஒரு ஆறுதல். ஓவர்டைமும் அப்படித்தான். சூப்பர்வைசர் ஆகிவிட்டாய், இனி ஓ.டி. கிடையாது என்று சொல்லும் இடங்கள் நிறைய.

அதனால் தம்பியே நேரில் போய்க் கேட்கட்டும். யாருக்கு நான் ரிப்போர்ட் செய்ய வேண்டும், சைட்டில் இன்ஜினியர் இருக்கிறாரா? இது ரொம்ப முக்கியம். இன்ஜினியர் இல்லாத சைட்டில் புதுப்பையனைத் தனியாக விட்டால் கற்றுக்கொடுக்க ஆள் இருக்காது, தவறு நடந்தால் பழி மட்டும் வரும். எத்தனை மணி நேரம், வாரவிடுமுறை உண்டா, பி.எஃப். பிடிப்பார்களா என்பதும் தெரியவேண்டும். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்கவேண்டாம், நகல் போதும். ஆர்டரில் வெறும் 'சூப்பர்வைசர்' என்று இருந்தால் 'சைட் சூப்பர்வைசர், சிவில்' என்று மாற்றித் தரச் சொல்லட்டும். அனுபவச் சான்றிலும் அதுதான் வரும்.

சைட்டில் இன்ஜினியர் இல்லை என்று பதில் வந்தால் உடனே சரி சொல்லிவிடாதீர்கள், எனக்கு போன் செய்யுங்கள். ஆர்டர் காப்பி இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசலாம்.